நாற்பதில் மாறியது யார்?

கேள்வி: எனக்கு 43 வயது. 28 வயதில் எப்படி இருந்தேனோ அப்படியேதான் இருக்கிறேன். சுற்றி இருப்பவர்கள்தான் மாறிவிட்டார்கள். மனைவி எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிறாள். கேட்டால், 'நாற்பது வயதில் நாய்க்குணம் உங்களுக்குத்தான்' என்கிறாள். 15 வயது மகனுக்கு நான் வேண்டாதவன் ஆகிவிட்டேன். ஒரு காலத்தில் யாரையும் எதற்கும் கேட்காத அப்பா, இப்போது ஒவ்வொன்றையும் என்னிடம் கேட்டுத்தான் செய்கிறார். கல்லூரி நண்பன் பேசி இரண்டு வருடம் ஆகிறது. நானே எதற்கு இறங்கிப் போக வேண்டும்? உடம்பும் முன்போல் இல்லை. வயதானால் எடை போடுவது இயல்புதானே என்று விட்டுவிட்டேன். இதெல்லாம் எல்லோருக்கும் வருவதா, எனக்கு மட்டுமா?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகர்

பதில்: எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் உங்கள் கடிதத்தின் இரண்டாவது வரியை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 28 வயதில் இருந்தபடியே 43 வயதில் ஒருவரும் இருப்பதில்லை. உண்மையிலேயே நீங்கள் அப்படி இருக்கிறீர்கள் என்றால், வீட்டில் நடக்கும் சிக்கலில் பாதிக்கு அதுவே காரணம்.

அந்த வயதில் எத்தனை விஷயங்கள் தானாக நடந்தன என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரே வகுப்பு, ஒரே விடுதி என்று நண்பர்கள் தானாகச் சேர்ந்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் படுத்தாலும் காலையில் உடம்பு எழுந்து நின்றது. அப்பா அம்மா தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள், உங்களையும் சேர்த்து. மனைவியோடு பேச நேரம் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை, பேச ஆரம்பித்தால் நேரம் போனதே தெரியவில்லை. நாற்பதை ஒட்டி அந்தத் 'தானாக' மெல்ல மெல்ல நின்றுபோகிறது. அதே நட்பு, அதே தெம்பு, அதே நெருக்கம் இப்போதும் கிடைக்கும், நாம் மெனக்கெட்டால். நீங்கள் இன்னும் தானாக வரும் என்று காத்திருக்கிறீர்கள். வராதபோது மற்றவர்கள் மாறிவிட்டார்கள் என்கிறீர்கள்.

முதலில் அந்த நாய்க்குணத்தைப் பார்ப்போம். இதையே மிட்லைஃப் கிரைசிஸ், அதாவது நடுவயது நெருக்கடி, என்று சொன்னால் நமக்குப் பெரிய விஞ்ஞானம் போலத் தெரிகிறது. அந்தச் சொல்லை 1965-இல் எழுதி வைத்தவர் எலியட் ஜாக்ஸ் என்ற உளவியல் ஆய்வாளர். கலைஞர்கள் பலரின் வாழ்க்கையை அலசி, முப்பதுகளின் நடுவில் அவர்களுக்கு ஒரு தடுமாற்றம் வந்ததாகச் சொன்னார். பின்னாளில் சாதாரண மக்களிடம் கேட்டுப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், தங்களுக்கு அப்படி ஒரு நெருக்கடி வந்ததாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். அவர்களிலும் பலர் காரணமாகச் சொன்னது வயதை அல்ல. வேலை போனது, மணமுறிவு, நெருங்கியவரின் மரணம், நோய் என்று ஏதாவது ஒரு நிகழ்வைத்தான் சொன்னார்கள். ஆகவே நாற்பது வந்தால் குணம் கெடும் என்று ஒரு விதியும் இல்லை. உங்கள் கோபத்துக்குக் காரணம் இருந்தால் அது தூக்கமின்மையிலோ, வேலையிலோ, சொல்லாமல் அடக்கி வைத்த ஒன்றிலோ இருக்கும். தேடிப் பாருங்கள், கிடைக்கும்.

உங்கள் மனைவிக்கும் இந்தச் சலுகையைக் கொடுங்கள். அவருக்கும் நாற்பதை ஒட்டிய வயதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். மாதவிடாய் நிற்பது பெரும்பாலான பெண்களுக்கு 45-க்கும் 55-க்கும் இடையில். ஆனால் அதற்குச் சில வருடங்கள் முன்பே உடம்பு தடம் மாறத் தொடங்கிவிடும். சுழற்சி முன்பின்னாகும், நடு ராத்திரியில் வியர்த்துக் கொட்டி விழிப்பு வரும், மூட்டு வலிக்கும், சட்டென்று கண்ணீர் வரும். இதைப் பற்றி அவரிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா? மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்களா?

அதே சமயம், எல்லாக் கோபத்தையும் ஹார்மோன் கணக்கில் எழுதித் தப்பித்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி உங்கள் அப்பா இருமினால் எழுந்து போவது யார்? எந்த மாத்திரை எப்போது தீரும் என்பது யாருக்கு மனப்பாடம்? மகனின் தேர்வுத் தேதி யார் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது? 1995-இல் அமெரிக்காவில் ஒரு சின்ன ஆய்வு நடந்தது. ஞாபக மறதி நோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் 13 பேர், அந்தச் சுமை இல்லாத பெண்கள் 13 பேர். எல்லோருக்கும் தோலில் ஒரே அளவில் சின்னக் காயம் ஏற்படுத்தி, எப்போது ஆறுகிறது என்று பார்த்தார்கள். பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு ஆறுவதற்குச் சராசரியாக 9 நாள் அதிகமாகப் பிடித்தது. மனத்தின் பாரம் தோல் வரைக்கும் இறங்குகிறது. இது தெரிந்த பிறகு, 'எரிந்து விழுகிறாள்' என்ற சொல்லை நீங்கள் அவ்வளவு எளிதாக எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

உடம்பைப் பற்றி நீங்கள் எழுதிய வரிக்கு வருகிறேன். வயதானால் எடை போடும், முப்பதுக்கு மேல் உடம்பு சக்தியை எரிப்பது குறைந்துவிடும் என்பது நம் எல்லோருக்கும் வசதியான ஒரு நம்பிக்கை. 2021-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு இதைக் கலைத்துவிட்டது. 29 நாடுகளில், பிறந்து சில நாளான குழந்தை முதல் 95 வயதுவரை 6,400-க்கும் மேற்பட்டவர்களை அளந்தார்கள். உடலின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 வயதிலிருந்து 60 வயது வரை உடம்பு சக்தியைச் செலவிடும் வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அப்படியானால் உங்கள் எடைக்கு வயதை மட்டும் காரணம் சொல்ல முடியாது. குறைந்தது நடையும் தூக்கமும்தான்.

வயதால் உண்மையிலேயே குறைவது வேறு. எலும்பின் கெட்டித்தன்மை முப்பதை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, அப்புறம் மெல்ல இறங்கும். தசையும் முப்பதுகளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், பயன்படுத்தாவிட்டால் இன்னும் வேகமாக. இதில் நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. வாரம் 150 நிமிடமாவது வேக நடை, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பலர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சத்தம் போடாமல் ஏறும். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று நீங்கள் உணர்வதை வைத்து அவற்றைத் தெரிந்துகொள்ள முடியாது. இந்த மாதமே பரிசோதித்துக்கொள்ளுங்கள். சத்தமாகக் குறட்டை விடுவதாக மனைவி சொன்னால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபட்டால் பகல் முழுக்க எரிச்சலாகத்தான் இருக்கும். நாய்க்குணம் அங்கேயே ஒளிந்திருக்கலாம்.

உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். எனக்கு 44 வயதில் நடந்தது ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு ராத்திரி மாத்திரை கொடுக்க வேண்டும். அட்டையின் பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் படிக்க முடியவில்லை. விளக்குக்குக் கீழே போனேன், கையை நீட்டினேன், இன்னும் நீட்டினேன். கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து என்னிடம் நீட்டினார். போட்டேன். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. கண்ணாடி இல்லாமல் அவர் முகம் சின்னதாகிவிட்டிருந்தது. காலாவதித் தேதியை அவருக்கு வாசித்துக் காட்டினேன், தலையை ஆட்டினார்.

வெள்ளெழுத்து என்பது ஒரு நோய் அல்ல. கண்ணுக்குள் இருக்கும் வில்லை விறைத்துப்போய், பக்கத்தில் இருப்பதைத் தெளிவாகக் காட்ட முடியாமல் போவது. நாற்பதைத் தாண்டினால் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். ஆனால் அந்த ராத்திரி எனக்குத் தெரிந்தது அது மட்டும் இல்லை. இனி அந்த வீட்டில் அட்டையைப் படிப்பவன் நான். உங்கள் அப்பா உங்களிடம் ஒவ்வொன்றையும் கேட்பது தொந்தரவு இல்லை, ஐயா. அவர் தன் இடத்தை உங்களிடம் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று யோசியுங்கள். முடிந்த இடத்தில் எல்லாம், 'நீங்களே சொல்லுங்கப்பா' என்று ஒரு முடிவையாவது அவரிடமே விட்டுவிடுங்கள்.

ஒரு பக்கம் தளரும் பெற்றோர், இன்னொரு பக்கம் வளரும் பிள்ளை. இருதலைக் கொள்ளி எறும்பு என்று நம்மவர்கள் சொன்ன அந்த நிலைக்கு, 1981-இல் டோரதி மில்லர் என்ற சமூகப் பணியாளர் சாண்ட்விச் தலைமுறை என்று பெயர் வைத்தார். நீங்கள் இப்போது அங்கேதான் நிற்கிறீர்கள். மகனைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 15 வயதில் விலகிப் பார்ப்பது அவன் வேலை. கதவு சாத்தியிருந்தாலும் கூப்பிட்டால் அப்பா வருவார் என்று அவனுக்குத் தெரிந்தால் போதும். அறிவுரையை மட்டும் பாதியாகக் குறையுங்கள்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா, இனிமேல் நான் எங்கே மாறுவது' என்று நினைக்கிறீர்களோ என்னவோ. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1956-இல் தொடங்கி, பல பத்தாண்டுகள் அதே ஆட்களைத் தொடர்ந்து சோதித்த ஓர் ஆய்வு உண்டு. வேகம் வயதோடு குறைகிறது, உண்மைதான். ஆனால் சொல்வளம், காரணம் கண்டு யோசிக்கும் திறன் போன்றவை இருபதுகளில் இருந்ததைவிட நடுவயதில் மேலாக இருந்தன. 28 வயதில் புரியாத உங்கள் அப்பா இப்போது புரிவார். வளைய முடியும்.

கடைசியாக அந்த நண்பர். நீங்கள் அதிகம் காயப்பட்டது இதில்தான் என்று தோன்றுகிறது. பல லட்சம் பேரின் செல்போன் அழைப்புகளை வைத்து 2016-இல் வந்த ஓர் ஆய்வில், ஒருவர் தொடர்பில் வைத்திருக்கும் ஆட்களின் எண்ணிக்கை 25 வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், அப்புறம் குறைந்துகொண்டே வந்தது. யாரும் யாரையும் வெறுத்ததால் வரும் குறைவு இல்லை இது. இன்னோர் ஆய்வில், நெருங்கிய நட்பு ஒன்று உருவாக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். விடுதியில் அது சில வாரங்களில் முடிந்திருக்கும். 43 வயதில் புதிதாக ஒருவருக்கு அத்தனை மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பீர்கள்? இந்த நண்பரோடு ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறீர்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938-இல் தொடங்கிய நீண்ட ஆய்வில், 80 வயதில் யார் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பார்கள் என்பதை, 50 வயதில் அவர்களுக்கு இருந்த கொலஸ்ட்ராலைவிட உறவுகளில் இருந்த நிறைவே நன்றாகக் காட்டியது. உங்களுக்கு ஐம்பதுக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது.

அவர் இரண்டு வருடமாகக் கூப்பிடவில்லை, சரி. நீங்களும்தான் கூப்பிடவில்லை. அவர் வீட்டிலும் ஒரு அப்பா, ஒரு சாத்திய கதவு, ஒரு மாத்திரை அட்டை இருக்கலாம். இன்று சாயங்காலமே பேசுங்கள். என்ன பேசுவது என்று தயக்கமாக இருந்தால், 'கண்ணாடி போட்டாச்சாடா?' என்று கேட்டு ஆரம்பியுங்கள்.