ஒண்டுக்குடித்தனமும் உள்ளார்ந்த சிக்கலும்

அன்புள்ள ஐயா,

வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். பெரும்பாலும் மருத்துவம், சுற்றுச்சூழல் கட்டுரைகள். இன்ஹெரன்ட், இன்னேட், இன்ட்ரின்சிக் மூன்றுக்கும் அகராதியில் ‘உள்ளார்ந்த’ என்றே இருக்கிறது. போன வாரம் ஒரே பத்தியில் இரண்டு சொற்கள் வந்துவிட்டன. இரண்டு இடத்திலும் ‘உள்ளார்ந்த’ போட்டேன், எனக்கே பிடிக்கவில்லை. என்டெமிக், இன்டிஜீனஸ், நேட்டிவ் மூன்றும் இதே கதைதான். உண்மையிலேயே வித்தியாசம் உண்டா, இல்லை ஆங்கிலத்தில் சும்மா சொல் பெருகிக் கிடக்கிறதா?

(பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்.)

*

அன்புள்ள தோழிக்கு,

உண்டு. ‘உள்ளார்ந்த’ பாவம், இட்லிக்கும் பொங்கலுக்கும் வடைக்கும் ஊற்றுகிற ஒரே வாளி சாம்பார் ஆகிவிட்டது. ஆங்கிலச் சொல்லில் உள்ளே இருப்பது மட்டும் இல்லை, அது எப்படி உள்ளே வந்தது என்பதும் இருக்கிறது. நான் பார்ப்பது அதைத்தான்.

இன்ஹெரன்டின் அடியில் இருப்பது ஒட்டிக்கொள்வதைக் குறிக்கும் லத்தீன் வினை. பசைக்குச் சொல்லும் அட்ஹீசிவும் அதன் பிள்ளைதான். ஆகவே ‘அறுவை சிகிச்சையின் உள்ளார்ந்த ஆபத்து’ என்று எழுதாமல், ‘எந்த அறுவை சிகிச்சையிலும் கொஞ்சம் ஆபத்து கூடவே இருக்கும்’ என்று எழுதிவிடலாம். இன்னேட்டில் பிறப்பு இருக்கிறது. நேட்டிவ், நேஷன் எல்லாம் அதன் பங்காளிகள். இன்னேட் இம்யூனிட்டி என்றால் பிறக்கும்போதே உடம்போடு வந்த எதிர்ப்பாற்றல். தடுப்பூசி போட்டு அப்புறம் வருவது வேறு.

இன்ட்ரின்சிக்குக்கு ‘உட்பக்கத்தைச் சேர்ந்தது’ என்றுதான் பொருள். எதிரே ‘வெளிப்பக்கத்தைச் சேர்ந்தது’ என்று ஒன்றை நிறுத்தினால் சட்டென்று தெளிந்துவிடும். உங்கள் துறையிலேயே நல்ல கதை இருக்கிறது. 1920களின் கடைசியில் வில்லியம் காசில் என்ற அமெரிக்க மருத்துவர், அன்று ஆளைக் கொன்றுவிடக்கூடிய ஒருவகை ரத்தசோகையை ஆராய்ந்தார். நோயாளிகளுக்கு மாட்டிறைச்சி மட்டும் கொடுத்துப் பார்த்தார், பலன் இல்லை. ஆரோக்கியமான ஒருவரைச் சாப்பிடச் செய்து, வயிற்றில் செரிக்கத் தொடங்கிய இறைச்சியை வெளியே எடுத்து, அதை நோயாளிக்குக் குழாய் வழியே செலுத்தினார். (சாப்பிடும் நேரத்தில் படிப்பவர்கள் மன்னிக்கவும்.) ரத்தம் ஊறத் தொடங்கியது. இறைச்சியில் இருப்பதை எக்ஸ்ட்ரின்சிக் ஃபேக்டர் என்றார், வயிறு சுரப்பதை இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்றார். வெளியிலிருந்து வந்தது வைட்டமின் பி12 என்று பிறகு தெரிந்தது. வயிற்றில் சுரப்பதற்குப் பழைய பெயரே நிலைத்துவிட்டது. இங்கே போய் ‘உள்ளார்ந்த காரணி’ என்று எழுதினால் ஏதோ மனோதத்துவம் போல ஆகிவிடும். ‘வயிறே சுரக்கும் காரணி’ என்று நான் எழுதுவேன்.

என்டெமிக் கிரேக்கத்திலிருந்து வந்தது: மக்களுக்குள் இருப்பது. ஓர் ஊரில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட நோய்க்கு மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள். உயிரியலாளர்கள் சொல்லும்போது இன்னும் கறாரானது: இங்கே உண்டு, வேறெங்கும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை வரையாடு அப்படி. புலி இந்தியாவுக்கு நேட்டிவ்தான், ஆனால் ரஷ்யாவிலும் சுமத்ராவிலும் இருப்பதால் என்டெமிக் இல்லை. ‘ஓரிட வாழ்வி’ என்று சிலர் எழுதுவது எனக்குப் பிடிக்கும். இன்டிஜீனஸ் என்பது அந்த மண்ணிலேயே பிறந்தது. அதிலுள்ள ‘இன்டி’ இந்தியா இல்லை, ‘உள்ளே’ என்பதற்கான பழைய லத்தீன் வடிவம். இந்தியா என்ற பெயர் சிந்து நதியிலிருந்து வந்தது.

நீங்கள் கேட்காத ஒன்று, என் சொந்தச் சறுக்கல். பல வருடங்களுக்கு முன் ஒரு பழைய ஆங்கிலக் கதையில் ‘வீட்டின் இன்மேட்கள்’ என்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ‘கைதிகள்’ என்று போட்டேன். கதையில் கைதிகள் வாடகை பாக்கிக்காகச் சண்டை போட்டார்கள். மெய்ப்புப் பார்த்தவர் போன் செய்து, “சார், ஜெயிலுக்கு எவ்வளவு வாடகை?” என்று கேட்டார். இன்மேட் என்றால் முதலில் இன்னொருவர் வீட்டுக்குள் சேர்ந்து குடியிருப்பவர். 1589இல் இங்கிலாந்தில் குடிசைகளைப் பற்றி ஒரு சட்டம் போட்டார்கள். ஒரு குடிசையில் ஒரு குடும்பத்துக்கு மேல் இருக்கக் கூடாது, இன்மேட்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்றது அது. ஒண்டுக்குடித்தனம்! நம்மிடம் அச்சு அசலான சொல் இருக்க, நான் போலீசைக் கூப்பிட்டிருக்கிறேன். மருத்துவமனையும் சிறையும் பின்னால் வந்து சேர்ந்தவை.

‘இன்’ என்று தொடங்குவதால் இன்கிரெய்ண்டையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்து, தானியத்துக்குள் இருப்பது என்று நினைத்துவிடாதீர்கள். மத்தியதரைக் கடல் பக்கத்து ஓக் மரங்களில் ஒருவகைப் பூச்சி உண்டு. காய்ந்தால் விதை மாதிரி இருக்கும், அதனால் அதைத் தானியம் என்றே சொன்னார்கள். அதில் எடுத்த சிவப்புச் சாயம் எத்தனை துவைத்தாலும் போகாது. அந்தச் சாயம் ஏற்றிய துணிதான் முதல் இன்கிரெய்ண்ட். ‘உள்ளார்ந்த பழக்கம்’ என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு ‘ஊறிப்போன பழக்கம்’ என்று மாற்றுங்கள்.

அந்தப் பத்தியை அனுப்புங்கள், பார்க்கிறேன்.