ஸஜ்தா ஸஹ்வு ஈடுகட்டாத இடங்கள்: தொழுகையின் ஃபர்ளுகள் பற்றிச் சில கேள்விகள்

கையை நெஞ்சில் கட்டுவதா, தொப்புளுக்குக் கீழே கட்டுவதா? அத்தஹிய்யாத்தில் (உட்கார்ந்த நிலையில் ஓதுவதில்) விரலை அசைப்பதா, வேண்டாமா? வரும் கேள்விகளில் பெரும்பகுதி இந்த வகைதான். இவையெல்லாம் சுன்னத்துகள், விட்டுப்போனாலும் தொழுகை கூடிவிடும் (செல்லுபடியாகும்). அதனால் இந்த முறை அவற்றை ஒதுக்கிவிட்டு, விட்டால் தொழுகையே கூடாத ஃபர்ளுகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். பதில்கள் ஷாஃபி மத்ஹபுப்படி (மார்க்கச் சட்ட வழிமுறைப்படி). மற்றொரு மத்ஹபான ஹனஃபியில் வேறுபடும் முக்கியமான இடங்களைச் சேர்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: தொழுகையின் ஃபர்ளுகள் 13 என்று மதரஸாவில் ஓதினேன். மாமியார் வீட்டில் 6 என்கிறார்கள். எது சரி ஹஸ்ரத்?

இரண்டும் சரி. நீங்கள் ஷாஃபி, அவர்கள் ஹனஃபி என்று நினைக்கிறேன்.

ஷாஃபியில் நிய்யத் (எண்ணம்), தக்பீர் தஹ்ரீமா (தொழுகையைத் தொடங்கும் 'அல்லாஹு அக்பர்'), நிற்பது, ஃபாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்) ஓதுவது, ருகூஉ (குனிவது), அதிலிருந்து நிமிர்ந்து நிற்கும் இஃதிதால், இரண்டு ஸுஜூதுகள் (நெற்றியைத் தரையில் வைப்பது), இரண்டுக்கும் நடுவில் உட்காருவது, கடைசி அத்தஹிய்யாத், அதற்காக உட்காருவது, அதில் நபி (ஸல்) மீது ஸலவாத்து, முதல் ஸலாம், இவை அனைத்தையும் வரிசை மாறாமல் செய்வது என 13. ஹனஃபியில் தக்பீர் தஹ்ரீமா, நிற்பது, குர்ஆன் ஓதுவது, ருகூஉ, ஸுஜூது, அத்தஹிய்யாத் ஓதும் அளவுக்குக் கடைசி இருப்பு என 6.

அப்படியானால் ஹனஃபிகள் மற்றதை விட்டுவிடலாமா? கூடாது. அவர்களிடம் ஃபர்ளுக்கு அடுத்தபடியாக வாஜிபு என்று ஒரு தரம் உண்டு. ஃபாத்திஹா, ஸலாம் எல்லாம் அங்கே போய்விடும். வாஜிபை மறந்து விட்டால் ஸஜ்தா ஸஹ்வு (மறதிக்கு ஈடாகக் கடைசியில் செய்யும் இரண்டு ஸுஜூதுகள்) போதும். வேண்டுமென்றே விட்டால் தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டும். ஷாஃபியில் தொழுகைக்குள் அந்த நடுத்தரம் கிடையாது. அதனால் ஃபர்ளு பட்டியல் நீண்டிருக்கிறது. கணக்குதான் வேறு. உங்கள் மாமியாரும் நீங்களும் தொழுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

கேள்வி: கடையில் தனியாள். நான்கு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) ளுஹரை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவேன். ஆனால் ஒன்றையும் விடுவதில்லை, தஸ்பீஹ் (இறைவனைத் துதிக்கும் சொற்கள்) மூன்று தடவையும் சொல்லிவிடுவேன். கூடுமா?

தஸ்பீஹை விடுவதில்லை, சரி. உடம்பு அசையாமல் நிற்கிறதா?

புகாரியில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று உண்டு. ஒருவர் பள்ளிக்கு வந்து தொழுதுவிட்டு நபி (ஸல்) அவர்களுக்கு ஸலாம் சொன்னார். பதில் ஸலாம் சொல்லிவிட்டு, "திரும்பிப் போய்த் தொழும், நீர் தொழவில்லை" என்றார்கள். மூன்று தடவை இப்படியே நடந்தது. கடைசியில் அவர், "இதைவிட நன்றாக எனக்குத் தெரியாது, கற்றுத் தாருங்கள்" என்று கேட்டார். நபி (ஸல்) சொல்லிக் கொடுத்தபோது ருகூவில் அமைதி பெறும் வரை இரு, நேராக நிற்கும் வரை நிமிர், ஸுஜூதில் அமைதி பெறும் வரை இரு என்று ஒவ்வொரு நிலைக்கும் அதை அழுத்திச் சொன்னார்கள்.

இதற்குத்தான் துமஃனீனா என்று பெயர். குனிந்த அசைவு நின்று, எழும் அசைவு தொடங்குவதற்கு முன் உடம்பு ஒரு 'சுப்ஹானல்லாஹ்' சொல்லும் நேரமாவது அசையாமல் இருக்க வேண்டும். ருகூவில் ஓதும் தஸ்பீஹ் சுன்னத்து. அந்த அசையாமை ஃபர்ளு. நம்மில் பலர் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். குனிந்துகொண்டே முதல் தஸ்பீஹ், குனிந்ததும் இரண்டாவது, எழுந்துகொண்டே மூன்றாவது. எண்ணிக்கை சரி, ஆனால் உடம்பு ஓரிடத்திலும் நிற்கவில்லை.

அதிகம் காணாமல் போகும் இடங்கள் இரண்டு. ஒன்று இஃதிதால்: முதுகு நேராகுமுன் அப்படியே ஸுஜூதுக்குச் சரிவது. மற்றொன்று இரண்டு ஸுஜூதுக்கு நடுவில் உட்காருவது: நெற்றியை ஒரு சாண் தூக்கிவிட்டு மறுபடி வைப்பது. ஷாஃபியில் இரண்டுமே ருக்னு (தொழுகைக்குள் வரும் ஃபர்ளு), அமைதி இல்லாவிட்டால் தொழுகை கூடாது. ஹனஃபியில் இந்த அமைதி வாஜிபு. ரமளானில் தராவீஹ் (இரவுத் தொழுகை) வேகத்தில் இதைக் கோட்டைவிடும் ஊர்கள் உண்டு. எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை.

உங்களுக்கு என் யோசனை: நேரம் இல்லையென்றால் முன்பின் சுன்னத்துகளையும் நீண்ட சூராவையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஃபர்ளில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: இமாம் ருகூவில் இருக்கும்போது ஓடி வந்து சேர்ந்தால் அந்த ரக்அத் கிடைக்குமா? ஃபாத்திஹா ஓதவில்லையே?

கிடைக்கும். பிந்தி வந்தவருக்கு அந்த ரக்அத்தின் ஃபாத்திஹாவை இமாம் சுமந்துகொள்கிறார். ஆனால் இமாம் ருகூவிலிருந்து எழுவதற்கு முன் நீங்கள் ருகூவுக்குப் போய் அமைதி பெற்றிருக்க வேண்டும். அவர் எழும்போது நீங்கள் குனிந்துகொண்டிருந்தால் ரக்அத் போயிற்று. இமாமோடு தொடர்ந்து தொழுதுவிட்டு, அவர் ஸலாம் கொடுத்தபின் அந்த ரக்அத்தை எழுந்து தொழுங்கள்.

ரக்அத் போவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கடைசி சஃப்பில் (வரிசையில்) அடிக்கடி காண்பது: செருப்பைக் கழற்றிய வேகத்தில் ஓடி வந்து, 'அல்லாஹு அக்பர்' என்பதைப் பாதி நின்றும் பாதி குனிந்தும் சொல்வார்கள். தக்பீர் தஹ்ரீமா முழுவதும் நின்ற நிலையில் முடிய வேண்டும். இல்லாவிட்டால் அவர் தொழுகைக்குள் நுழையவே இல்லை. ரக்அத்தைப் பிடிக்கப் போய்த் தொழுகையையே விட்டது மிச்சம். ஒரு தக்பீருக்குத்தான் நேரம் என்றால் தஹ்ரீமாவை மட்டும் நினைத்துச் சொல்லுங்கள், ருகூவுக்கான தக்பீரை விட்டுவிடலாம். தொழுகைக்கு ஓடி வராதீர்கள், நிதானமாக வாருங்கள், கிடைத்ததைத் தொழுங்கள், தவறியதை நிறைவு செய்யுங்கள் என்பது நபிமொழி.

முதலிலிருந்தே ஜமாஅத்தில் நிற்பவர் ஷாஃபியானால் இமாமுக்குப் பின்னாலும் ஃபாத்திஹா ஓதியாக வேண்டும். ஹனஃபி அமைதியாகக் கேட்டால் போதும்.

கேள்வி: உம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம். அடுப்படியில் நின்று மீன் ஆணம் வைப்பார்கள், தொழும்போது மட்டும் தக்பீர் முதல் ஸலாம் வரை நாற்காலிதான். சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். (கீழக்கரை)

கோபிக்காதபடி எடுத்துச் சொல்லுங்கள். ஃபர்ளுத் தொழுகையில் நிற்க முடிந்தவர் நிற்பது ருக்னு. மூலநோய் இருந்த இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) சொன்ன வரிசை: நின்று தொழு, முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து. எது முடியவில்லையோ அது மட்டும்தான் விழும், முடிந்தது அப்படியே இருக்கும்.

உங்கள் உம்மாவுக்கு நிற்க முடிகிறது, மடங்கி ஸுஜூது செய்யத்தான் முடியவில்லை. அப்படியென்றால் தக்பீர், ஃபாத்திஹா, ருகூஉ, இஃதிதால் எல்லாம் நின்றே செய்யட்டும். ஸுஜூதுக்கு நாற்காலியில் உட்கார்ந்து, முடிந்த அளவு நன்றாகக் குனியட்டும். நடுவில் வலித்தால் அப்போது உட்காரலாம். நின்றால் வலி கடுமையாகும், நோய் கூடும் என்ற நிலை இருந்தால் அதுவே தகுந்த காரணம். ஹனஃபியில், ஸுஜூது செய்யவே முடியாதவருக்கு நிற்கும் கடமையும் விழுந்துவிடும். அவர் உட்கார்ந்தே சைகையால் தொழலாம்.

இதற்கு நேர்மாறான ஆட்களும் உண்டு: நிற்க முடியாது, ஆனால் தரையில் உட்கார்ந்தால் நெற்றியை வைத்துவிட முடியும். அவர்கள் தரையில்தான் உட்கார வேண்டும். நாற்காலியில் ஏறினால் முடிந்த ஸுஜூதை வீணாக விட்டவராகிறார். சுன்னத்து, நஃபில் (உபரி) தொழுகைகளை நிற்க முடிந்தவரும் உட்கார்ந்து தொழலாம், நன்மை பாதி.

கேள்வி: ஃபாத்திஹாவை மனத்துக்குள் ஓதினால் போதுமா? தமிழ் எழுத்தில் பார்த்துத்தான் மனப்பாடம் செய்தேன்.

மனத்துக்குள் ஓடவிடுவது ஓதல் ஆகாது. நாக்கும் உதடும் அசைய வேண்டும், சத்தமில்லாத இடத்தில் உங்கள் காதுக்குக் கேட்க வேண்டும். பிஸ்மியும் (தொடக்கத்தில் வரும் 'பிஸ்மில்லாஹ்') ஷாஃபியில் ஃபாத்திஹாவின் ஒரு வசனம், விடக் கூடாது.

தமிழ் எழுத்து ஆரம்பத்துக்கு உதவும், அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஃபாத்திஹாவில் 14 ஷத்துகள் (எழுத்தை இரட்டித்து ஓதும் குறிகள்) இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஓர் எழுத்துக்குச் சமம். 'இய்யாக்க' என்பதை 'இயாக்க' என்று ஓதினால் ஓர் எழுத்து குறைந்துவிட்டது. 'அன்அம்த' என்பது 'நீ அருள் புரிந்தாய்'. அதையே 'அன்அம்து' என்றால் 'நான் அருள் புரிந்தேன்' என்றாகிவிடும். இரண்டு வகை 'ஹ', மூன்று வகை 'ஸ' எல்லாவற்றையும் காகிதத்தில் பிரித்துக் காட்ட முடியாது. உங்கள் மஹல்லா ஹஸ்ரத்திடம் மஃரிபுக்குப் பிறகு உட்கார்ந்து ஓதிக் காட்டுங்கள். வயதானவர் என்று கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: ஒரு ஸுஜூது செய்தேனா, இரண்டா என்று அடுத்த ரக்அத்தில் சந்தேகம். கடைசியில் ஸஜ்தா ஸஹ்வு செய்தால் போதாதா?

போதாது. ஸஹ்வு ஸஜ்தா ருக்னுக்குப் பதிலாகாது. முதல் அத்தஹிய்யாத், சுப்ஹு குனூத் (விடியல் தொழுகையில் ஓதும் துஆ) போன்றவை விட்டுப்போனால்தான் அது ஈடுகட்டும். சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ரக்அத்தின் அதே இடத்தை அடைவதற்கு முன் நினைவு வந்தால் உடனே திரும்பிப்போய் விட்டதைச் செய்து, அங்கிருந்து தொடருங்கள். அந்த இடத்தை அடைந்துவிட்டால், இப்போது செய்த ஸுஜூது பழையதன் இடத்தில் நின்றுவிடும். நடுவில் செய்தவை கணக்கில் சேராது. ஒரு ரக்அத் கூடுதலாகத் தொழ வேண்டும். இரண்டு நிலையிலும் ஸலாமுக்கு முன் ஸஹ்வு ஸஜ்தா செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நிய்யத் சரியாக வரவில்லை என்று தக்பீரை நாலைந்து தடவை திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அது வஸ்வாஸ் (வீண் சந்தேகம்). நிய்யத்தின் இடம் உள்ளம். வாயால் சொல்வது அதற்குத் துணை மட்டும். 'ஃபர்ளான அஸர் தொழுகிறேன்' என்ற எண்ணம் தக்பீரின்போது இருந்தால் முடிந்தது. ஒரே தக்பீரோடு நிறுத்தி, மேலே போங்கள்.

கேள்வி: வலது பக்கம் ஸலாம் கொடுத்ததும் குழந்தை கட்டிலிலிருந்து விழப் பார்த்தது, ஓடிவிட்டேன். தொழுகை?

கூடிவிட்டது. முதல் ஸலாம்தான் ஃபர்ளு, இரண்டாவது சுன்னத்து. ஹனஃபியில் இரண்டாவதும் வாஜிபு. ஆனால் குழந்தை விழப்போகும் நேரத்தில், ஸலாமுக்கு முன்னாலேயே தொழுகையை முறித்துவிட்டு ஓடலாம், ஓடவும் வேண்டும். பிறகு வந்து முதலிலிருந்து தொழுதுகொள்ளுங்கள்.