தலைவரே இல்லாம பத்திரிகை நடத்த முடியுமா?

கேள்வி: அனார்க்கிஸ்டுன்னா குண்டு வைக்கிறவங்கன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். லண்டன்ல அவங்க நூறு வருஷத்துக்கு முன்னாடி ஆரம்பிச்ச பதிப்பகம் இன்னும் இருக்குன்னு என் பொண்ணு சொல்றா. தலைவரே வேணாங்கிறவங்க எப்படிங்க பத்திரிகை நடத்துவாங்க? - வாசகி, கும்பகோணம்

பதில்: உங்க பொண்ணு சொன்னது சரிங்கம்மா. அது ஃப்ரீடம் பிரஸ். 1886ல ரஷ்யாவுல இருந்து வந்த க்ரோபோட்கினும் சார்லட் வில்சனும் இன்னும் சிலரும் சேர்ந்து ஆரம்பிச்சது, இப்போ வொயிட்சேப்பல் பக்கம் ஏஞ்சல் ஆலிங்கிற சந்துல புத்தகக்கடை இருக்கு. முதலாளின்னு ஒருத்தர் கிடையாது, வேலை செய்யறவங்களே உக்காந்து பேசி முடிவெடுப்பாங்க. பேச்சு இழுத்துக்கிட்டே போகும், சண்டையும் வரும், நடுவுல பத்திரிகை நின்னுபோன வருஷங்களும் உண்டு. ஆனா ஒரு ஆள புடிச்சு உள்ள போட்டா எல்லாம் முடிஞ்சிரும்ங்கிற நிலைமை அங்க இல்ல, எனக்கு அதுதான் பெரிய விஷயமா படுது.

1945ல பிரிட்டிஷ் அரசாங்கம் அதையும் செஞ்சு பாத்துச்சு. பத்திரிகை பேரு ஃப்ரீடம், அப்போ வார் கமென்ட்ரிங்கிற பேர்ல வந்துட்டிருந்துச்சு, போரை எதிர்த்து எழுதிச்சு, சிப்பாய்ங்க மனச கெடுக்க சதி பண்ணாங்கன்னு 4 பேர் மேல கேஸ். வெர்னான் ரிச்சர்ட்ஸ், ஜான் ஹியூவெட்சன், ஃபிலிப் சான்சம் மூணு பேருக்கும் 9 மாசம் ஜெயில். நாலாவது ஆள் மேரி லூயிஸ் பெர்னேரி, ரிச்சர்ட்ஸோட மனைவி, புருஷனும் பொண்டாட்டியும் சேந்து சதி பண்ணதா சட்டப்படி சொல்ல முடியாதுன்னு விட்டுட்டாங்க. அந்தம்மா வெளிய இருந்து மத்தவங்களோட சேர்ந்து பத்திரிகைய நிக்காம கொண்டு வந்தாங்க. இன்னொன்னும் சொல்லணும், பத்திரிகைய படிச்சு மனசு கெட்டுச்சான்னு சாட்சி சொல்ல அரசாங்கமே சில சிப்பாய்ங்கள கூட்டிட்டு வந்துச்சு, அதுல ஒருத்தர் காலின் வார்ட். எங்க மனசு ஒண்ணும் கெடலன்னு சொல்லிட்டுப் போனவர், ரெண்டு வருஷத்துல அதே பத்திரிகையோட ஆசிரியர்கள்ல ஒருத்தர் ஆயிட்டாரு!

2013 பிப்ரவரில யாரோ கடைக்கு தீ வெச்சாங்க, புத்தகங்க கருகிப் போச்சு. மறுநாளே ஜனங்க தொடப்பமும் வாளியுமா வந்து நின்னாங்க, யாரும் உத்தரவு போடல.

கேள்வி: இதுக்கும் நம்ம ஊருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா சார்? - வாசகர், திருச்சி

பதில்: நல்லாவே உண்டுங்க. எம்.பி.டி. ஆச்சார்யா, 1887ல மெட்ராஸ்ல பொறந்தவரு, பாரதி நடத்தின 'இந்தியா' பத்திரிகையோட கூட நின்னவரு. அப்புறம் ஐரோப்பா போயி, 1920ல தாஷ்கண்ட்ல இந்திய கம்யூனிஸ்ட் கட்சி ஆரம்பிச்ச கூட்டத்துலயும் இருந்து, அந்தக் கட்சிய ஆரம்பிச்சவங்கள்ல முக்கியமானவரான எம்.என். ராயோட ஒத்துப்போகாம விலகி, பெர்லின்ல அனார்க்கிஸ்ட் பக்கம் வந்து சேந்தாரு. 1930கள்ல பம்பாய்க்கு திரும்பி வந்தும் எழுத்த விடல, ஃப்ரீடம் பத்திரிகைக்கும் எழுதினாரு, 1954ல பம்பாய்லயே காலமானாரு. அவரோட கட்டுரைகள ஏகே பிரஸ் 2019ல இங்கிலீஷ்ல தொகுப்பா போட்டிருக்கு, அதுவும் முதலாளி இல்லாம தொழிலாளிங்களே நடத்துற பதிப்பகம்தான். தமிழ்ல யாராவது நாலு பேர் சேர்ந்து இத கொண்டு வாங்களேன், முதல் பிரதிய நான் வாங்கிக்கிறேன்.