தேயிலை வியாபாரத்தில் பசுமைக் கணக்கு: சிறு வியாபாரி எதை அளப்பது?

கேள்வி: கண்டியில் தேயிலைத்தூள் வாங்கி, திருகோணமலையில் பொதிசெய்து உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறேன். உங்கள் வழங்கல் சங்கிலி, அதாவது தோட்டத்திலிருந்து ஹோட்டல் வரை தூள் வரும் வழி, எவ்வளவு பசுமையானது, எண்ணில் காட்டுங்கள் என்று ஒரு ஹோட்டல் கேட்கிறது. நான் எதை அளப்பது?

பதில்: எதை அளந்தாலும் ஒரு கிலோ தூளுக்கு எவ்வளவு என்று வகுத்து எழுதுங்கள். மாத மொத்தம் ஏமாற்றும். மழைக்காலத்தில் ஹோட்டல்கள் வெறிச்சோடும்போது உங்கள் டீசல் செலவு தானாகவே குறையும். அது பசுமை ஆகாது.

முதலில் வான். கண்டி போய்வர ஏறத்தாழ 360 கிலோமீற்றர். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடினால் 30 லீற்றர் டீசல். ஒரு லீற்றர் எரிந்தால் சுமார் 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். ஆக 81 கிலோ. அந்த வானில் 300 கிலோ தூள் வந்தால் கிலோவுக்கு 270 கிராம். 600 கிலோ வந்தால் ஏறக்குறைய பாதி. தூரத்தைக் குறைக்க முடியாது, சுமையைக் கூட்டலாம். பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து ஏற்றுங்கள். போகும்போது வான் வெறுமையாகத்தானே போகிறது, கருவாடு கொண்டுபோகலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். தேயிலை எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும்.

அப்புறம் கழிவு. இதைத்தான் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். அந்தக் கொழுந்தை வாட்டி உலர்த்த விறகு எரிகிறது. நம் கடற்காற்றின் ஈரம் ஏறி ஒரு சாக்கு பழுதானால் அத்தனை விறகும் உரமும் வீண். வாங்கியது, விற்றது, வீசியது மூன்றையும் தராசில் நிறுத்து எழுதுங்கள். சாக்கின் வாயை இறுகக் கட்டி, தரையில் படாமல் பலகைமேல் அடுக்கினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

பொதியையும் நிறுக்க வேண்டும். இரண்டு கிராம் தேயிலைப் பை என்றால் ஒரு கிலோவுக்கு 500 பை. ஒவ்வொன்றுக்கும் நூல், சீட்டு, உறை. பத்து வெறும் பைகளைத் தராசில் வைத்துப் பாருங்கள், கிலோவுக்கு எவ்வளவு குப்பை என்று தெரிந்துவிடும். சமையலறைக்காவது பை வேண்டாம், தூளாகவே தருகிறேன் என்று ஹோட்டலிடம் நீங்களே சொல்லலாம்.

சரி, தொழிற்சாலை? சூழலுக்குப் பெரிய பாதிப்பு பெரும்பாலும் அங்கும் தோட்டத்திலும்தான். தழைச்சத்து உரத்திலிருந்து எழும் நைதரசு ஒட்சைட்டு, காபனீரொட்சைட்டைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். தூள் தருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கிலோ தூளுக்கு எத்தனை கிலோ விறகு, எத்தனை யூனிற் மின்சாரம், விறகு எங்கிருந்து வருகிறது. பதில் வராவிட்டால் கணக்கில் அந்த இடத்தில் ‘தரவில்லை’ என்றே எழுதுங்கள். எங்கோ கிடைத்த எண்ணை நிரப்பாதீர்கள்.

மூன்று மாதக் கணக்கு சேர்ந்ததும் ஒரே தாளில் ஹோட்டலுக்குக் கொடுங்கள். பில்லைப் பார்த்து எழுதியது எது, உத்தேசம் எது என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்; டீசல் பில்களை ஒரு கோவையில் பத்திரமாக வையுங்கள், கட்டாயம் கேட்பார்கள்.