நிறுத்திய வசூல்காரர் வாங்கிய பணம்: கடைக்காரரிடம் மறுபடியும் கேட்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் நானும் என் மச்சானும் பார்ட்னர்ஷிப்பில் துண்டு, லுங்கி, போர்வை மொத்த வியாபாரம் செய்கிறோம். தாராபுரம், பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் லைனில் வசூலுக்கு ஒருவரை 9 வருஷமாக வைத்திருந்தோம். மாதச் சம்பளம், அதுபோக வசூலில் அரை சதவீதம் கமிஷன். கணக்கில் 1,62,000 ரூபாய் குறைந்ததால் ஜனவரி கடைசியில் நிறுத்திவிட்டேன். ரசீது புத்தகத்தைத் திரும்ப வாங்கத் தவறிவிட்டேன். கடைகளுக்கும் தகவல் சொல்லவில்லை. தாராபுரம் கடைக்காரர் ஒருவருக்கு மட்டும் போனில் சொன்னேன். பிப்ரவரி முதல் மார்ச் பாதி வரை அந்த வசூல்காரர் அதே லைனில் போய், எங்கள் ரசீதையே போட்டு 11 கடைகளில் 4,10,000 வசூல் செய்திருக்கிறார். தாராபுரத்துக்காரரும் 28,000 கொடுத்திருக்கிறார். ஒட்டன்சத்திரம் கடையில் புது சரக்குக்கு அட்வான்ஸ் என்று 75,000 வாங்கியிருக்கிறார். அந்தக் கடைக்காரர் என்மேல் சீட்டிங் கேஸ் கொடுப்பேன் என்கிறார். பழனி கடைக்காரர், வசூல்காரரின் மகள் கல்யாணத்துக்குத் தான் கொடுத்த 50,000 கைமாற்றையும் என்னிடமே கேட்கிறார். ஸ்டேஷனில் ‘இது சிவில் மேட்டர், பணம் கொடுத்ததும் அந்தப் பக்கம்தான், திண்டுக்கல் பக்கம் போங்க’ என்றார்கள். வசூல்காரரோ ‘எனக்குக் கமிஷன் பாக்கி, அதைத்தான் எடுத்துக்கிட்டேன்’ என்கிறார். அவர் பைக்கையும் ஆர்.சி. புத்தகத்தையும் வாங்கி எங்கள் குடோனில் வைத்திருக்கிறோம். ஒட்டன்சத்திரத்துக்காரருக்கு ஒரு செக் கொடுத்து முடித்துவிடலாம் என்கிறார் மச்சான். என்ன செய்வது?

பதில்: உங்களுக்கு உவப்பில்லாத பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தகவல் தெரியாமல் பணம் கொடுத்த கடைக்காரர்களிடம் நீங்கள் மறுபடியும் கேட்க முடியாது. அவர்களைப் பொறுத்தவரை பாக்கி தீர்ந்துவிட்டது.

உங்கள் ஆளை நீங்கள் நிறுத்தியது உங்களுக்கும் அவருக்கும் இடையே ஜனவரியிலேயே முடிந்த விஷயம். கடைக்காரருக்கோ, அது அவர் காதுக்கு எட்டும் நாளில்தான் நடக்கிறது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 208-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. அந்தப் பிரிவுக்குக் கீழே சட்டத்தை எழுதியவர்களே ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். சென்னையில் இருக்கும் ஒருவர், பம்பாய் கிடங்கில் கிடக்கும் தன் பஞ்சை விற்கச் சொல்லி ஏஜென்ட்டுக்குக் கடிதம் போடுகிறார். பிறகு, விற்க வேண்டாம், சென்னைக்கே அனுப்பிவிடு என்று இன்னொரு கடிதம் போடுகிறார். அந்த இரண்டாம் கடிதம் கைக்கு வந்த பிறகும் ஏஜென்ட் பஞ்சை விற்கிறார். வாங்கியவருக்கு முதல் கடிதம் தெரியும், இரண்டாவது தெரியாது. அவர் கொடுத்த பணத்தோடு ஏஜென்ட் ஓடிவிடுகிறார். வாங்கியவர் கொடுத்தது கொடுத்ததுதான், பஞ்சுக்காரர் அதை ஏற்றே ஆக வேண்டும் என்கிறது சட்டம். 150 வருஷத்துக்கு முன் எழுதிய அந்த உதாரணத்தில் பஞ்சுக்குப் பதில் போர்வை என்று போட்டால் அது உங்கள் கேஸ்தான்.

9 வருஷமாக ஒரே முகம் வாசலில் வந்து நின்று, உங்கள் பெயர் அச்சடித்த புத்தகத்தில் ரசீது கிழித்துக் கொடுத்தது. ‘என் ஆள்’ என்று அந்தக் கடைகளை நம்ப வைத்தது நீங்கள்தான். ரசீதின் கீழே ‘தொகையைக் கம்பெனி கணக்கில் மட்டும் செலுத்தவும்’ என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கலாம். இத்தனை வருஷம் அவர் கையில் கொடுத்த ரொக்கத்தை நீங்களே வரவு வைத்துவிட்டு, இப்போது அந்த வரியைக் காட்டினால் எந்த நீதிமன்றத்திலும் எடுபடாது.

ஒட்டன்சத்திரத்து அட்வான்ஸும் இதே கணக்கில்தான் வரும். அந்த 75,000 உங்கள் கைக்கு வராவிட்டாலும், ஒன்று சரக்கை அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும். பார்ட்னர்ஷிப் என்பதால் இந்தப் பொறுப்பு மச்சானுக்கும் முழுசாக உண்டு. ஆளுக்குப் பாதி என்று நீங்கள் பிரித்துக்கொள்வது உங்களுக்குள் மட்டும்தான்.

உங்களுக்குச் சாதகமாக இரண்டு கடைகள் இருக்கின்றன. தாராபுரத்துக்காரருக்கு நீங்கள் சொல்லிவிட்டீர்கள். தெரிந்தும் கொடுத்ததால் அந்த 28,000 அவர் கணக்கில் இன்னும் பாக்கிதான். ஆனால் போன் பட்டியல், பேசினீர்கள் என்பதை மட்டுமே காட்டும், என்ன பேசினீர்கள் என்பதைக் காட்டாது. அவர் மறுத்தால் நிரூபிப்பது கடினம். நேரில் போய்ப் பேசுங்கள்.

பழனி கைமாற்று உங்களைச் சேராது. மகள் கல்யாணத்துக்குக் கொடுத்தது அந்த மனிதரை நம்பிக் கொடுத்தது, உங்கள் கம்பெனியை நம்பி அல்ல. 1978-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஸ்டேட் பாங்க் – ஷ்யாமா தேவி வழக்கை வக்கீல்கள் இன்றும் இதற்குக் காட்டுவோம். அந்த அம்மாள், தெரிந்தவர் என்ற பழக்கத்தில் பாங்க் ஊழியர் ஒருவரிடம் கணக்கில் போடச் சொல்லிப் பணமும் செக்கும் கொடுத்தார். ஊழியர் பாஸ் புத்தகத்தில் பொய்யாக வரவு எழுதிவிட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டார். பாங்க் வேலையின் பகுதியாக அவர் வாங்கவில்லை, நண்பராக வாங்கினார், ஆகவே பாங்க் பொறுப்பில்லை என்று தீர்ப்பானது. பாஸ் புத்தகத்தில் எழுதியதற்கே அப்படி என்றால், ரசீதே இல்லாத கைமாற்றுக்கு நீங்கள் எங்கே பொறுப்பாவீர்கள்?

இனி போலீஸ் கேஸ் பயம். உங்கள் ஆள் வாங்கிய பணத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதால், அவர் செய்த குற்றமும் உங்கள் தலையில் விழும் என்று நினைத்துத் தூக்கம் கெட்டிருக்கிறீர்கள். அப்படி விழாது. சீட்டிங், அதாவது ஏமாற்றுக் குற்றம் என்பது ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் ஆரம்பத்திலேயே இருந்தால்தான். 75,000 கைமாறிய அன்று அந்தக் கொடுக்கல் வாங்கலே உங்களுக்குத் தெரியாது. முதலாளி, பார்ட்னர், டைரக்டர் என்ற பதவிக்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது, சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சுனில் பாரதி மிட்டல் வழக்கில் தெளிவாகச் சொன்னது. ஜி.எஸ்.டி. சட்டம், உணவுப் பாதுகாப்புச் சட்டம், செக் பவுன்ஸ் சட்டம் இவற்றில் அப்படி எழுதியிருக்கிறது. ஏமாற்றுப் பிரிவில் இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். மார்ச்சில் உங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அதன் பிறகும் கடைகளுக்குச் சொல்லாமல் இருந்து, இன்னும் யாராவது அவரிடம் பணம் கொடுத்தாலோ, கொடுத்தவர்களிடமே நீங்கள் பாக்கி என்று நெருக்கினாலோ, ‘முதலாளியும் சேர்ந்துதான் செய்தார்’ என்று சொல்ல இடம் கொடுத்தவர் ஆவீர்கள். ஆகவே இந்த வாரமே லைனில் உள்ள எல்லாக் கடைக்கும், பணம் கொடுக்காத கடைக்கும் சேர்த்து, எழுத்தில் தகவல் போக வேண்டும். ஜனவரியோடு அவர் நம்மிடம் இல்லை, இன்ன எண் முதல் இன்ன எண் வரை உள்ள ரசீதுகள் செல்லாது, இனி பணம் இந்த பாங்க் கணக்கில் மட்டும் என்று நாலு வரி போதும். கிடைத்ததற்கான அத்தாட்சியோடு தபாலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். பேப்பர் விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். கடைக்காரருக்குத் தெரிந்ததா என்பதுதான் கேள்வி, அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்று யார் வந்து சாட்சி சொல்வார்கள்?

மச்சான் சொல்லும் செக் யோசனைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். எண்ணத்தைப் பார்க்காமல் தண்டிக்கும் இடம் அதுதான். கணக்கில் பணம் இருக்கும் என்று நம்பித்தான் கொடுத்தேன் என்பதுகூட அங்கே பதிலாகாது. செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் ஒட்டன்சத்திரத்துக்காரர் நோட்டீஸ் அனுப்புவார். அது கைக்கு வந்த 15 நாளில் நீங்கள் பணம் கட்டாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் வழக்குப் போடலாம். 2 வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. செக் கம்பெனி பெயரில் இருந்தால் கையெழுத்துப் போட்டவரோடு, வியாபாரத்தை நடத்தும் பார்ட்னரும் கூண்டில் நிற்க வேண்டிவரும். இன்று எந்தக் குற்றமும் இல்லாத இரண்டு பேர் அந்த ஒரு தாளால் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆவீர்கள். சரக்காக அனுப்புங்கள், அல்லது பாங்க் மூலம் தவணையாகத் தீருங்கள்.

வசூல்காரர்மேல் நடவடிக்கை எடுப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். எல்லாத் தொகையையும் கூட்டி ‘ஐந்தே முக்கால் லட்சம் மோசடி செய்துவிட்டார்’ என்று ஒரே புகாராக எழுதிக் கொடுப்பார்கள். அந்தக் கூட்டல்தான் புகாரைக் கெடுக்கிறது. நிறுத்திய தேதியில் ஒரு கோடு போடுங்கள்.

கோட்டுக்கு முன்னால் குறைந்த 1,62,000, நீங்கள் நம்பி ஒப்படைத்த அதிகாரத்தில் வாங்கிக் கட்டாமல் விட்டது. இது நம்பிக்கை மோசடி. சம்பள ஆள் என்பதால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(4) பிரிவு, 7 வருஷம் வரை தண்டனை. இதில் 2024 ஜூலை 1-க்கு முந்தைய வசூல் ஏதாவது இருந்தால், அந்தத் தொகைக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 408 பிரிவு. கோட்டுக்குப் பின்னால் வாங்கிய 4,10,000 வேறு ஜாதி. அங்கே ஒப்படைப்பே கிடையாது. இல்லாத அதிகாரத்தை இருப்பதாகக் காட்டிக் கடைக்காரரை ஏமாற்றியிருக்கிறார். அது அதே சன்ஹிதாவின் 318(4), ஏமாற்று. ஒரே சம்பவத்துக்கு நம்பிக்கை மோசடியையும் ஏமாற்றையும் சேர்த்துப் போட முடியாது என்று 2024-இல் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொல்லியிருக்கிறது. பின்பகுதிக்குக் கடைக்காரர்கள்தான் சாட்சி. அவர்களிடம் பாக்கி என்று சண்டை போட்டுக்கொண்டே சாட்சிக்கு வரச் சொன்னால் யார் வருவார்? முதலில் அவர்கள் கணக்கை வரவு வைத்துச் சீர்செய்யுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கமிஷன் பாக்கி என்ற அவர் பதிலை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏஜென்ட் தனக்குச் சேர வேண்டிய கூலியை வசூல் பணத்திலிருந்து பிடித்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டம் 217 பிரிவு இடம் கொடுக்கிறது. உண்மையாகவே தனக்கு உரிமை என்று நினைத்து எடுத்தால் அங்கே குற்ற எண்ணம் இல்லை. போலீஸ் சிவில் என்று தள்ளுவதற்கும் இதுதான் வழி கொடுக்கிறது. கடைசியாகக் கமிஷன் கொடுத்த நாளிலிருந்து ஜனவரி வரை அவர் ஒழுங்காகக் கட்டிய வசூலுக்கு அரை சதவீதம் எவ்வளவு என்று நீங்களே போடுங்கள். மாதம் 6 லட்சம் கட்டியிருந்தால்கூட 3,000 ரூபாய்தான், மூன்று மாதத்துக்கு 9,000. அதைப் புகாரிலேயே எழுதிக் கழித்துவிடுங்கள். முறைகேடாக நடத்திய வசூலுக்குக் கமிஷன் கிடையாது, அது 220 பிரிவு. 9,000 பாக்கிக்காக ஒன்றரை லட்சத்தை எடுத்தேன் என்று அவர் சொல்லட்டும், கேட்பவருக்கே புரியும்.

திண்டுக்கல் போங்கள் என்றதும் சரியில்லை. நம்பிக்கை மோசடியை, கணக்கு ஒப்படைக்க வேண்டிய இடத்திலும் விசாரிக்கலாம், குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 201 பிரிவு. அவர் கணக்குக் கட்ட வேண்டிய மேஜை ஈரோட்டில் உங்கள் கடையில் இருக்கிறது. வியாபாரத் தகராறுகளில் எஃப்.ஐ.ஆருக்கு முன் ஆரம்பகட்ட விசாரணை செய்ய லலிதா குமாரி தீர்ப்பு, 2013-இல், இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் புகாரை வாங்கவே மாட்டேன் என்று சொல்ல இடமில்லை. புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். நகரவில்லை என்றால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பி, அதன் பிறகும் பயனில்லை என்றால் அபிடவிட்டோடு மாஜிஸ்திரேட்டிடம் அதே சட்டத்தின் 175(3) பிரிவில் மனு.

ரசீது அடிக்கட்டை, டே புக், லெட்ஜர், கடைகளில் இருக்கும் மூல ரசீதுகளின் நகல் இவைதான் உங்கள் பலம். வாட்ஸ்அப் பதிவுகளைக் காட்டுவதாக இருந்தால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63(4) சான்றிதழும் வேண்டும். பணத்தைத் திரும்பப் பெறுவது சிவில் கோர்ட்டில்தான். வேலையில் இருக்கும்போதே நீங்கள் கணக்குக் கேட்டு அவர் மறுத்திருந்தால் அந்த நாளிலிருந்து, கேட்கவே இல்லை என்றால் நிறுத்திய நாளிலிருந்து 3 வருஷம். போலீஸ் கேஸ் நடக்கிறதே என்று அதை விட்டுவிட வேண்டாம்.

கடைசியாக அந்த பைக். உங்கள் கடிதம் முழுவதிலும் நான் உங்களுக்காகப் பயந்தது அந்த ஒரு வரிக்குத்தான். கடனுக்கு ஈடாக அடுத்தவர் வண்டியை அவர் சம்மதமில்லாமல் தூக்கி வைப்பது திருட்டாகும். மிரட்டி வாங்கியிருந்தால் பணம் பறிப்புப் பிரிவு வரும். நாளைக்கு அவர் முந்திக்கொண்டு புகார் கொடுத்தால், கிட்டத்தட்ட ஆறு லட்சம் பறிகொடுத்த நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர், அவர் புகார்தாரர். வெற்றுத்தாளிலோ முத்திரைத்தாளிலோ கையெழுத்து ஏதாவது வாங்கி வைத்திருந்தால் அதையும் சேர்த்து, இரண்டு பொதுவான ஆட்களை வைத்துக்கொண்டு வண்டி, சாவி, ஆர்.சி. புத்தகம் எல்லாவற்றையும் ஒப்படையுங்கள். பெற்றுக்கொண்டேன் என்று தேதி போட்டு அவரிடம் எழுதி வாங்குங்கள். ஸ்டேஷனுக்குப் புகாரோடு போவது அதற்கு மறுநாள்.