சொல்லின் வேர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்தில் கையால் பந்தடித்து ஆடுவதைக் 'காட்ஸன்' என்கிறார்கள். ஆங்கிலக் 'கேட்ச்'தான் இப்படித் திரிந்ததா?

பதில்: இல்லை. இரண்டும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள். வடபிரான்சின் பிக்கார்டு வழக்கில் துரத்துதல், வேட்டையாடுதல் என்ற பொருளில் இருந்த 'கச்சியே' என்ற வினைதான் தாய். அதற்கும் மேலே லத்தீன் 'கப்தியாரே'. இது ஏடுகளில் கிடைக்காத, மொழியியலார் மீட்டெடுத்த வடிவம். அதன் அடி 'கபெரே', அதாவது பிடித்தல்.

பாரிஸ் பிரெஞ்சு வழியாக வரவில்லை என்பதற்கு முதலெழுத்தே சாட்சி. 'அ'கரத்துக்கு முன் நின்ற லத்தீன் 'க' பாரிஸ் பக்கம் 'ச'வாகி, இன்று 'ஷாசே' என்று ஒலிக்கிறது. பிக்கார்டியில் 'க'வாகவே நின்றுவிட்டது. ஆங்கிலம் இரு வழக்குகளிலும் கடன் வாங்கியதால் அங்கே 'கேட்ச்', 'சேஸ்' இரண்டும் உண்டு. சொல்லின் நடுவே இருந்த 'ச்ச்' ஒலி அன்றைய டச்சு நாக்குக்குப் பழக்கமில்லாதது, 'ட்ஸ்' ஆயிற்று.

துரத்தல் எப்படிப் பந்தாட்டமாயிற்று என்பதற்கு அகராதியைவிட ஆட்ட விதி நல்ல விடை தருகிறது. புள்ளி யாருக்கென்று முடிவாகாமல் பந்து நின்ற இடத்தில் ஓர் அடையாளம் வைப்பார்கள். அதன் பெயர் 'காட்ஸ்'. இரண்டு அடையாளம் விழுந்ததும் அணிகள் பக்கம் மாறி, அந்தக் குறியைத் தாண்டிப் பந்தை அடிக்கப் போராட வேண்டும். சுவர் சூழ்ந்த அரங்கில் ஆடும் பழைய டென்னிஸிலும் இதே விதி உண்டு. அங்கே அந்தக் குறிக்கு ஆங்கிலத்தில் 'சேஸ்', பிரெஞ்சில் 'ஷாஸ்' என்று பெயர். ஆக, வினை மட்டுமல்ல, ஆட்டக் கலைச்சொல்லும் சேர்ந்தே பயணித்திருக்கிறது.

அணிக்கு மூவர், புள்ளிகள் 2, 4, 6 என ஏறும். ஃபிரானேகர் நகரின் பெரிய போட்டி ஜூன் 30க்குப் பிந்தைய ஐந்தாம் புதன்கிழமை நடக்கிறது. ஆட்டத்துக்கு வெளியேயும் சொல் உயிரோடிருக்கிறது: ஒளி பிரதிபலிப்பதும் ஒலி எதிரொலிப்பதும் டச்சில் 'வேயர்காட்ஸன்'.

கேள்வி: பனிச்சறுக்கைக் குறிக்கும் 'ஸ்ஹாட்ஸன்' இதே வேரா?

பதில்: ஓசை ஒற்றுமை மட்டுமே. இதுவும் பிக்கார்டு வரவுதான், ஆனால் பொய்க்காலைக் குறித்த வேறொரு சொல்லிலிருந்து வந்தது. ஒருமை 'ஸ்ஹாட்ஸ்', கடைசி 'ஸ்' சொல்லின் உறுப்பு. ஆங்கிலேயர் அதைப் பன்மை விகுதி என்றெண்ணி வெட்டிவிட, மிஞ்சியது 'ஸ்கேட்'.