மருத்துவமனை வேலையில் பர்ன்அவுட் ஏன் வருகிறது? கேள்வி பதில்

ஐசியூவில் பல வருடம் செவிலியராக இருந்தேன். இப்போது டியூட்டி அட்டவணை போடும் பொறுப்பு. பர்ன்அவுட், அதாவது வேலை அழுத்தம் தீராமல் மனமும் உடலும் ஓய்ந்துபோவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

விடுமுறையில் நன்றாகத் தூங்கியும் களைப்பு போகவில்லை. இது பர்ன்அவுட்டா?

இருக்கலாம். உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் மூன்று அடையாளங்கள் சொல்கிறார்: மனம் வற்றிப்போவது, நோயாளியிடம் ஒட்டுதல் அற்றுப்போவது, 'செய்து என்ன பயன்' என்ற எண்ணம். இரண்டாவதைக் கவனியுங்கள். நோயாளியைப் பெயர் சொல்லாமல் 'ஏழாம் பெட்' என்று எல்லோரும்தான் சொல்கிறோம். அந்தப் பெட்டில் இருப்பவர் அழும்போது எரிச்சல் மட்டுமே வருகிறதா? அதுதான் அறிகுறி. ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

'உனக்கு மனவலிமை போதாது' என்கிறார் சீனியர்.

தவறு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட்டை நோய் என்று வகைப்படுத்தவில்லை. வேலையிடத்தில் நீண்டகாலம் தீராமல் இருக்கும் அழுத்தத்தின் விளைவு என்றே சொன்னது. உங்களைக் குறை சொல்ல அதில் இடமில்லை.

ஆள் பற்றாக்குறைதான் காரணமா?

பெரிய காரணங்களில் அதுவும் ஒன்று. அமெரிக்கச் செவிலியத்துறை ஆய்வாளர் லிண்டா எய்கென் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் பர்ன்அவுட்டுக்கான வாய்ப்பு 23 சதவீதமும், அறுவை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும் அதிகமாக இருந்தது. அந்த இரண்டு எண்களையும் நான் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

ஆனால் ஆள் இருந்தும் நொந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். சரியானது எதுவென்று தெரிந்தும் அதைச் செய்ய முடியாத நிலை அவர்களுடையது. வலியில் இருப்பவரின் பக்கத்தில் பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்று தெரியும். அதற்குள் அடுத்த அலாரம் அடிக்கும். வீட்டுக்குப் போன பிறகும் அந்த முகம் கூடவே வரும். தத்துவவியலாளர் ஆண்ட்ரூ ஜேம்டன் 1984-லேயே இதற்கு அறவேதனை என்று பெயர் வைத்தார். வேலைப்பளுவை விட இதுதான் நல்ல செவிலியர்களை வெளியே அனுப்புகிறது என்பது என் அனுபவம்.

நான் மருத்துவர். கணினியில் பதிவு செய்வதிலேயே நாள் போகிறதே?

உண்மை. 2016-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், புறநோயாளிகளோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பதிவு, மேசை வேலைக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போனது.

நிர்வாகம் யோகா வகுப்பு வைக்கிறது. உதவுமா?

வகுப்பு நல்லதுதான். டியூட்டி முடிந்தபின் வைத்தால் அது இன்னொரு டியூட்டி. அந்த நேரத்துக்கு வார்டில் மாற்று ஆள் போடச் சொல்லுங்கள். அப்புறம், நைட் முடித்தவரை மறுநாள் காலையிலேயே கூப்பிடக் கூடாது என்று எழுத்தில் கேளுங்கள்.